நாளுக்கு 48 கிலோமீட்டர், கியர் வைத்த முதல் பைக்: ஒரு தேர்வின் நிகழ்வு ஆய்வு

சென்னைப் புறநகர் மேற்குத் தாம்பரத்தில் வீடு, ஒரகடம் தொழிற்பேட்டையில் வேலை. முடிச்சூர் சாலையில் கிளம்பி, மண்ணிவாக்கத்தில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைப் பிடித்து, படப்பை தாண்டிப் போக வேண்டும். ஒரு வழிக்கு ஏறக்குறைய 24 கிலோமீட்டர். போகிறவர் டிப்ளமோ முடித்துவிட்டு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கும் 22 வயதுப் பெண். உயரம் 158 செ.மீ., எடை 52 கிலோ. ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். மாதத்தில் ஒரு வாரமாவது நைட். தெருவுக்குள் ஸ்கூட்டர் ஓட்டிய பழக்கம் உண்டு, கிளட்ச் பிடித்ததில்லை. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) கையில் இருக்கிறது. ஆன்-ரோடு, அதாவது வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து, 1,10,000 ரூபாய்க்கு மேல் புரட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை அம்மா பின்னால் உட்காருவார். இவர் முதலில் வாங்க வேண்டிய கியர் பைக் எது என்பதுதான் கேள்வி.

இவர் ஒரு தனி ஆள் இல்லை. அந்தச் சாலையில் ஷிப்டுக்குப் போகிற பலருடைய தேவையை ஒன்றாக்கி வரைந்துகொண்ட மாதிரி. உயரத்தையோ தூரத்தையோ பணத்தையோ மாற்றினால் விடை மாறும், கணக்குப் போடும் வரிசை அதேதான். அந்த வரிசையில் சிசி முதலில் வராது. முதல் வண்டி வேலை செய்ய வேண்டியது 80 கிலோமீட்டர் வேகத்தில் அல்ல, 8 கிலோமீட்டர் வேகத்தில். கேட்டைத் திறந்து வண்டியை வெளியே எடுக்கும்போது, டீக்கடை முன்னால் திருப்பும்போது, சிக்னலில் ஒரு காலை ஊன்றும்போது அது கைக்கு அடங்க வேண்டும். புதிதாக ஓட்டுபவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஸ்கூட்டர் போதாதா என்ற கேள்வியை முதலில் தீர்த்துவிடலாம். பத்துக் கிலோமீட்டர் தூரமென்றால் போதும், கிளட்ச் பழக வேண்டிய கட்டாயமே இல்லை. ஆனால் 110, 125 சிசி ஸ்கூட்டர்கள் பலவற்றில் முன் சக்கரம் 12 அங்குலம், பின் சக்கரம் 10 அங்குலம். கன்டெய்னர் லாரிகள் அரைத்துப்போட்ட சாலை ஓரத்துப் பள்ளத்தில் 10 அங்குலச் சக்கரம் உள்ளே இறங்கும். 17, 18 அங்குலச் சக்கரம் பெரும்பாலும் மேலே தாண்டிவிடும். இருட்டில், மழையில், தினம் 48 கிலோமீட்டர் போகிறவருக்கு இது சின்ன வித்தியாசமில்லை.

காலை அளந்துவிட்டுக் கடைக்குப் போவது

சுவரில் முதுகைச் சாய்த்து, வெறுங்காலோடு, பாதங்களை ஒரு சாண் அகட்டி நில்லுங்கள். கெட்டி அட்டை நோட்டு ஒன்றைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்ததுபோல் அழுத்தம் தெரியும்வரை மேலே தள்ளுங்கள். நோட்டின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை உள்ள அளவுதான் உள்கால் நீளம். 158 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது 72 செ.மீ. பக்கம் வரும். ஷூ போட்டால் 2, 3 செ.மீ. கூடும்.

சந்தையில் கிடைக்கும் சின்ன வண்டிகளின் சீட் உயரம் பெரும்பாலும் 78 முதல் 80 செ.மீ. கணக்குப்படி பார்த்தால் எட்டாது. ஆனால் உட்கார்ந்ததும் சீட் நுரையும் பின் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து கொஞ்சம் இறங்கும். சீட்டின் முன்பகுதி ஒடுங்கலாக இருந்தால் கால் நேராகக் கீழே போகும். அதனால்தான் காகிதத்தில் ஒரே உயரமுள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று எட்டும், மற்றது எட்டாது. கடையில் பார்க்க வேண்டியது இதுதான்: தினம் போடும் ஷூவோடு, சென்டர் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, சீட்டின் முன்பகுதியில் உட்காருங்கள். இரண்டு பக்கமும் முன்பாதம் பட வேண்டும், அல்லது இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு பாதம் முழுதாகப் பட வேண்டும். இரண்டு பக்கமும் நுனிவிரல் மட்டும்தான் படுகிறதென்றால் அந்த வண்டி பட்டியலில் இல்லை.

யமஹா ஆர்15-இன் சீட் உயரம் 815 மி.மீ., கேடிஎம் 200 டியூக் 822 மி.மீ. இவை இந்த இடத்திலேயே விலகிக்கொள்கின்றன; விலை, வேகம் பற்றிய விவாதமே தேவைப்படவில்லை.

சாயும்போது கையில் வரும் பாரம்

நேராக நிற்கும் வண்டி யாருக்கும் கனமில்லை. சாய ஆரம்பித்தால்தான் எடை கைக்கு வருகிறது. எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்திலும் இருப்பதாகத் தோராயமாக வைத்துக்கொள்வோம். 113 கிலோ வண்டி 15 பாகை சாய்ந்தால் ஹேண்டில்பாரில் தாங்க வேண்டியது சுமார் 15 கிலோ. ஒரு சமையல் கேஸ் சிலிண்டருக்குள் இருக்கும் கேஸின் எடை அது. 30 பாகைக்குப் போனால் 28 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350-இன் எடை 181 கிலோ. அதே 15 பாகையில் 23 கிலோ, 30 பாகையில் 45 கிலோ. ஓட்டுபவரே 52 கிலோ.

ஹண்டர் பேச்சு வரக் காரணம் உண்டு. அந்த நிறுவனத்தின் ஆலைகளில் ஒன்று அதே ஒரகடத்தில்தான் இருக்கிறது, கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் வண்டி. சீட்டும் 79 செ.மீ. பக்கம்தான், காலும் எட்டிவிடும். ஆனால் கால் எட்டுவது வேறு, சாய்ந்ததைத் தூக்கி நிறுத்துவது வேறு. கிளட்ச் பழகாதவர் மெதுவாகத் திருப்பும்போது வண்டி ஆஃப் ஆகும். ஆஃப் ஆன கணத்தில் தள்ளும் விசை நின்றுபோய், வண்டி திரும்பிய பக்கமே சாயும். பயத்தில் வலது கை முன் பிரேக்கை இறுக்கும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கை இறுக்கினால் வண்டி உடனே கீழே. இது நடக்க ஒரு நொடி போதும். அந்த நொடிக்குள் ஊன்றிய காலும் கையும் தாங்கக்கூடிய எடையா என்பதுதான் கேள்வி. இவருக்கு 125 கிலோவுக்குள் என்று எல்லை வைத்தோம். அதற்கு மேல் போனால் அந்தக் கூடுதல் எடைக்கு ஈடாக உருப்படியான ஒன்று கிடைக்க வேண்டும்.

100-ஆ, 125-ஆ

எல்லைக்குள் முதலில் நிற்பவை 100 சிசி வண்டிகள். ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்: 97.2 சிசி, 8 பி.எஸ். சக்தி, 112 கிலோ, சீட் 785 மி.மீ. ஹோண்டா ஷைன் 100: 98.98 சிசி, 7.4 பி.எஸ்., 99 கிலோ, சீட் 786 மி.மீ. பழகுவதற்கு இவற்றைவிட நல்ல வண்டி கிடையாது. கிளட்சைத் தடாலென்று விட்டால்கூட எகிறிப் பாயாது, பெட்ரோலும் குறைவு, எந்த ஊரிலும் மெக்கானிக் உண்டு. உள்ளூரில் ஐந்தாறு கிலோமீட்டர் போகிறவராக இருந்தால் ஆய்வை இங்கேயே முடித்துவிடலாம்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலைதான் இடிக்கிறது. லாரிகள் 60-இல் போகின்றன. 8 பி.எஸ். வண்டியும் 60-இல் சிரமமில்லாமல் போகும். ஆனால் அங்கிருந்து 75-க்கு ஏற நேரம் எடுக்கும், அம்மா பின்னால் இருந்தால் இன்னும் திணறும். இந்த மிச்சசக்தி முந்துவதற்காக அல்ல. முதல் வருடம் கன்டெய்னரை முந்தவே வேண்டாம். பின்னால் நெருக்கிக்கொண்டு வருகிற டிப்பரிடமிருந்து விலகவும், லாரியின் பக்கவாட்டில் மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வெளியே வரவும் அது தேவைப்படும். இரண்டாவது காரணம், 100 சிசி வண்டிகளில் வழக்கமாக வருவது இரண்டு பக்கமும் 130 மி.மீ. டிரம் பிரேக். டிரம் மோசமென்று சொல்ல முடியாது. ஆனால் தேயத் தேயப் பிடி தளர்ந்துகொண்டே வரும், கேபிளை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். புதியவருக்கு அந்தத் தளர்வு தெரியாது. நேற்றுபோலவே இன்றும் நிற்கும் என்று நம்பிப் பிடிப்பார். முன் டிஸ்க் பிரேக் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிடிக்கும், தேய்ந்தாலும் லீவரின் உணர்வு பெரிதாக மாறாது.

பெட்ரோல் கணக்கையும் போட்டுவிடுவோம். மாதம் 25 நாள், 1,200 கிலோமீட்டர், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 60 மைலேஜ் கொடுத்தால் 20 லிட்டர், 2,020 ரூபாய். 50 கொடுத்தால் 24 லிட்டர், 2,424 ரூபாய். 35 கொடுத்தால் 34 லிட்டருக்கு மேல், ஏறக்குறைய 3,460 ரூபாய். 100-க்கும் 125-க்கும் நடுவில் மாதம் நானூறு ரூபாய். 125-க்கும் 350-க்கும் நடுவில் ஆயிரம். டிஸ்க்குக்கும் மிச்சசக்திக்கும் அந்த நானூறு தரலாம்.

ஆக 125, முன் டிஸ்க் வைத்தது.

மூன்று வண்டிகள்

ஹோண்டா ஷைன் 125, டிஸ்க் வகை: 123.94 சிசி, 10.7 பி.எஸ்., 11 என்.எம். இழுவிசை, ஐந்து கியர், 113 கிலோ, சீட் 791 மி.மீ., 18 அங்குலச் சக்கரங்கள். ஸ்பிளெண்டரின் எடையிலேயே 125 சிசி கிடைக்கிறது. செயின் முழுக்க மூடியிருக்கும்; லாரித் தூசி பறக்கும் சாலையில் இது பெரிய வசதி, துப்பட்டாவுக்கும் பாதுகாப்பு. குறை, முகப்பு விளக்கு ஹாலஜன்.

டிவிஎஸ் ரைடர் 125, டிஸ்க் வகை: 124.8 சிசி, 11.4 பி.எஸ்., 11.2 என்.எம்., 123 கிலோ, சீட் 780 மி.மீ., தரை இடைவெளி 180 மி.மீ., 17 அங்குலச் சக்கரங்கள், எல்.இ.டி. முகப்பு விளக்கு. ஷைனைவிட 10 கிலோ அதிகம், சீட் 11 மி.மீ. தாழ்வு.

பஜாஜ் பல்சர் 125-ஐ பட்டியலில் சேர்த்து, பிறகு நீக்கிவிட்டோம். எடை 140 கிலோ, அந்த எடைக்கு ஈடாக இவருக்குக் கிடைப்பது தோற்றம்தான். மூன்றாவது இடம் ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர், ஏபிஎஸ் வகைக்கு. 136 கிலோ, சீட் 794 மி.மீ., எல்லையைத் தாண்டுகிறது. ஆனால் ஈடாகத் தருவது முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ்: பிரேக்கை இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது. 125 வரைக்கும் சிபிஎஸ் இருந்தால் போதும் என்றது அந்த விதி. இரண்டும் ஒன்றல்ல. சிபிஎஸ் என்பது காலால் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கையும் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கும் ஏற்பாடு. பின் பிரேக்கை மட்டும் மிதிக்கும் பழக்கமுள்ளவரை அது காப்பாற்றும். ஆனால் மணலில், எண்ணெய் சிந்திய ஈரச்சாலையில், பயத்தில் முன் லீவரை முழுதாக இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. ஏபிஎஸ் தடுக்கும். புதியவர் செய்யும் பெரிய தவறே அந்தப் பயப்பிடிதான். அதனால் ஷைனைவிட 23 கிலோ அதிகமானாலும் ஏபிஎஸ் வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால் அது நியாயமான வாதம்.

இருந்தும் இவருக்கு அதைச் சொல்லவில்லை. 158 செ.மீ. உயரத்துக்கு 794 மி.மீ. சீட்டும் 136 கிலோவும் சேர்ந்து வருகின்றன. ஆன்-ரோடு விலையும் பட்ஜெட்டைத் தாண்டக்கூடும். முதல் இரண்டு மாதம் தினமும் நடக்கக்கூடியது மெதுவான வேகத்தில் விழுவது. ஏபிஎஸ் அங்கே உதவாது. அதே வேலை, அதே சாலை, உயரம் 165 செ.மீ., கையில் இன்னும் 15,000 ரூபாய் என்றால் தீர்ப்பு ஏபிஎஸ் பக்கம் திரும்பும்.

ஷைனா ரைடரா என்பதில் நைட் ஷிப்ட்தான் முடிவைச் சொல்கிறது. படப்பைக்கு அப்பால் எதிரே வரும் லாரி வெளிச்சத்தில் கண் கூசிப்போன பிறகு, சாலை விளிம்பு எங்கே முடிகிறது என்று காட்டும் விளக்கு வேண்டும். சீட்டும் தாழ்வு. ரைடர், டிஸ்க். ஆனால் ஒரு நிபந்தனை: டெஸ்ட் ரைடு அன்று வண்டியிலிருந்து இறங்கி நின்று, லேசான ஏற்றத்தில் அதைப் பின்னோக்கித் தள்ளி நிறுத்திக் காட்ட வேண்டும். மூச்சு வாங்கினால் அந்த 10 கிலோ இவருக்கு அதிகம். ஷைனை எடுத்துக்கொண்டு, இருட்டில் வேகத்தைக் குறைத்துப் போகட்டும்.

கியர் மாறும் திசை: யாரும் சொல்லாத ஒன்று

டிரைவிங் ஸ்கூலிலோ மாமா வீட்டிலோ பழகக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்பிளெண்டர். எட்டு போட அது தோதான வண்டி. ஹேண்டில் நன்றாக ஒடியும், முதல் கியரில் ஆக்சிலேட்டர் இல்லாமலே ஊர்ந்து போகும். அதன் நான்கு கியரும் கியர் லீவரின் முன்பக்கத்தை மிதித்தால் ஏறும். ரைடர் போன்ற ஐந்து கியர் வண்டிகளில் முதல் கியருக்கு மட்டும் முன்பக்கத்தைக் கீழே மிதிக்க வேண்டும், மற்ற நான்குக்கும் மேலே தூக்க வேண்டும்.

ஒரு மாதம் ஸ்பிளெண்டரில் பழகிய கால், புது வண்டியில் மூன்றாவது கியரில் 45-இல் போகும்போது நான்காவது போடுவதாக நினைத்து முன்னால் மிதிக்கும். விழுவது இரண்டாவது கியர். கிளட்சை விட்டதும் இன்ஜின் அலறும், பின் சக்கரம் இழுபடும், ஈரச் சாலையில் பக்கவாட்டில் வழுக்கும். பின்னால் வருபவருக்கு பிரேக் லைட்கூட எரியாது. வண்டியில் கோளாறு என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் உண்டு. கோளாறு காலில் இருக்கிறது. முடிந்தால் வாங்கப்போகும் கியர் அமைப்பிலேயே பழகுங்கள். முடியாவிட்டால், வண்டி வந்த முதல் மூன்று நாள் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டபடி ஒன்றிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து ஒன்று என்று நாளுக்கு ஐம்பது தடவை மாற்றிப் பழகலாம். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பலிக்கும்.

லைசென்ஸ் பற்றி ஒரு வரி. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். கியர் இல்லாத வண்டிக்கு எடுத்த லைசென்ஸ் இதற்குச் செல்லாது. எல்.எல்.ஆர். காலத்தில் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' வேண்டும்; பின்சீட்டில் கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. அம்மா காத்திருக்க வேண்டியதுதான்.

பழைய வண்டி என்ற வழி

பாதிப் பணத்துக்குப் பழைய 125 கிடைக்கும்போது புதிது எதற்கு? கீழே போடப்போகிற வண்டி பழையதாகவே இருக்கட்டும் என்பது புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் 2019 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகளில் சிபிஎஸ்ஸும் கிடையாது. நாளுக்கு 48 கிலோமீட்டர் ஓடப்போகும் வண்டி நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது நடுவழியில் நிற்கக்கூடாது. பழையதுதான் என்று முடிவெடுத்தால், பார்க்க வேண்டியவை இவை.

போகும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள்: வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம். போனதும் இன்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ தகராறு என்று சந்தேகப்படலாம். குளிர்ந்த இன்ஜின் இரண்டாவது முயற்சிக்குள் பிடிக்க வேண்டும். சைலன்சரில் நீலப்புகை வந்து, சூடேறிய பிறகும் நிற்காவிட்டால் ஆயில் எரிகிறது: பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் வேலை.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை இடமிருந்து வலம் மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் உட்காருவதுபோல் நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போய்விட்டது. முன் ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டொக்' என்றால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் ஆயில் சீல் கசிகிறது. பின் ஸ்பிராக்கெட்டின் நடுப்பக்கத்தில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பல்லிலிருந்து பாதிக்கு மேல் விலகினால் செயின், இரண்டு ஸ்பிராக்கெட் மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் சீக்கிரம் போய்விடும்.

விழுந்த வண்டியா என்று ஹேண்டில்பார் முனை, லீவர் முனை, ஃபுட்ரெஸ்ட் ரப்பர், சைலன்சர் விளிம்பு நான்கும் சொல்லும். கீறல் இருந்தால் பரவாயில்லை. பின்னால் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் எழுந்துவந்துவிடுங்கள்.

காகிதத்தில் ஏமாறுவதுதான் அதிகம். சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வண்டிமேல் கடன் தந்த நிறுவனத்தின் பெயர், இருந்தால் ஃபைனான்ஸ் பாக்கி. கடன் தீர்ந்ததற்கான ஃபார்ம் 35-உம் நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் இல்லாமல் முழுப் பணம் தரக்கூடாது. பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, ஃபார்ம் 30. வேறு ஆர்.டி.ஓ. எல்லை என்றால் ஃபார்ம் 28-உம் கேட்கப்படலாம். 'கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீங்கள் மெதுவாக மாற்றிக்கொள்ளுங்கள்' என்பது வண்டி விற்பவர்களின் பழைய பாட்டு. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் இருவருக்கும் வழக்கு.

ஆன்-ரோடு பில்

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. ஷோரூம் விலையில் இது ஏற்கெனவே சேர்ந்திருக்கும். தமிழ்நாட்டு வாழ்நாள் சாலை வரி, ஒரு லட்சம் வரையிலான வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12. ஷோரூம் விலை 85,000 என்று வைத்துக்கொண்டால் வரி 8,500. புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 75 சிசிக்கு மேல் 150 வரை, 2022-இல் அறிவித்த கட்டணப்படி 3,851 ரூபாய், ஜிஎஸ்டியோடு 4,544. சொந்தச் சேதக் காப்பீடு, ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து இன்னும் இரண்டு மூன்றாயிரம். கூட்டினால் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல்.

பில்லில் அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துக் கேளுங்கள். 'ஹேண்ட்லிங்', 'லாஜிஸ்டிக்ஸ்', டெஃப்ளான் கோட்டிங், கட்டாய ஆக்சஸரி பேக்கேஜ் இவை எதுவும் வண்டி ஓடத் தேவையில்லை. காப்பீட்டை அந்தக் கடையிலேயே எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மாறாக, மோட்டார் வாகன விதி 138-இன்படி வண்டியோடு ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட் ஒன்று தரப்பட வேண்டும். கேட்காதவருக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு.

மிச்சமாகும் எட்டு ஒன்பதாயிரத்தை எங்கே போடுவது? முகம் முழுவதும் மூடும் சரியான அளவு ஹெல்மெட், கையுறை, லெக் கார்டு, மழைக்கோட்டு. லெக் கார்டு அழகைக் கெடுக்கும் என்பார்கள். முதல் மாதம் வண்டி சாயும்போது காலையும் கிளட்ச் லீவரையும் காப்பது அதுதான்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

வண்டி வந்த மறுநாளே ஒரகடத்துக்குக் கிளம்பக்கூடாது. முதல் வாரம், ஞாயிற்றுக்கிழமைக் காலை காலியாக இருக்கும் மைதானம் போதும். இன்ஜினை அணைத்துத் தள்ளிப் பழகுங்கள். பிறகு முதல் கியர், ஆக்சிலேட்டர் தொடாமல், கிளட்சை மட்டும் விட்டு நடை வேகத்தில் இருபது மீட்டர். லீவர் எந்த இடத்தில் வண்டியை இழுக்க ஆரம்பிக்கிறது என்று இடது கைக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வெற்று ஆட்டம் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடியே ஓடித் தேயும், கூடினால் கியர் மாற்றும்போது கரகரக்கும். கடையில் விட்டு வந்தபடியே எல்லாரும் ஓட்டுகிறார்கள். கை சின்னதாக இருப்பவர் இதை முதல் நாளே சரிசெய்துகொள்ள வேண்டும்.

மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்புவது தனிப் பாடம். வலது கால் பின் பிரேக்கில், இடது கால் தரையில். கிளட்சை இழுக்கும் இடம்வரை விட்டு, இன்ஜின் சத்தம் கொஞ்சம் கம்மியதும் ஆக்சிலேட்டர் கொடுத்து, கடைசியாகப் பிரேக்கை விட வேண்டும். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு முன் பிரேக்கில் நிற்பவர்தான் பின்னால் உருளுவார். ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் ஒரே கையில் இருக்கின்றன.

அடுத்து நிறுத்தம். 20, 30, 40 என்று ஏற்றி, இரண்டு பிரேக்கும் சேர்த்து, முன் லீவரை இரண்டு விரலால் படிப்படியாக அழுத்தி நிறுத்திப் பழகுங்கள். கணக்கு இப்படி: பார்த்துப் பிடிக்க ஒரு நொடி, காய்ந்த சாலையில் ஓரளவு நல்ல பிரேக். 40-இல் போனால் மொத்தம் 23 மீட்டர் பக்கம் நிற்கும், 60-இல் போனால் 44 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் ஏறக்குறைய இரு மடங்கு. 60-இல் பின் பிரேக்கை மட்டும் நம்பினால் அறுபது மீட்டரையும் தாண்டும். லாரியின் பின்னால் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதற்கு இந்த எண்கள் போதும்.

ஓட்டம் தொடங்கிய பிறகு மாதம் 1,200 கிலோமீட்டர் என்பதால் பராமரிப்பு நாட்கள் சீக்கிரம் வந்துவிடும். முதல் சர்வீஸைக் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் விடுங்கள். இவருக்கு அது ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மழையில் நனைந்த மறுநாளும். செயினின் ஆட்டம் இந்த ரக வண்டிகளில் பொதுவாக 20 முதல் 30 மி.மீ. இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்து இறுக்கிவிட்டால், அம்மா உட்கார்ந்ததும் செயின் விறைத்து பேரிங்கைத் தின்னும். டயர் காற்று முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் தனியாகப் போனால் 28, 29. சரியான எண் வண்டியில் ஒட்டியிருக்கும். இன்ஜின் ஆயில் பைக்குக்கானதாக, டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டதாக இருக்க வேண்டும். இந்த வண்டிகளில் கிளட்ச் தட்டுகள் அதே ஆயிலில் மூழ்கிக் கிடக்கின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் மருந்து கிளட்சையும் வழுக்கவிடும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது.

வடகிழக்குப் பருவமழையில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் நிற்கும். 2015-இல் அங்கே வீடுகளே மூழ்கின. சைலன்சர் வாய்க்கு மேல் தண்ணீர் என்றால் இறங்க வேண்டாம். உள்ளே போய் வண்டி ஆஃப் ஆகிவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்தக்கூடாது. ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் அந்தத் தண்ணீரை அமுக்கப் பார்த்து கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். 123 கிலோவைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வருவதும் அன்று இவருடைய வேலையாகத்தான் இருக்கும்.